பதினொன்றரைப் புள்ளி

கானாடுகாத்தான்
20 ஜனவரி 2025

சேவுகப்பெருமாள் அவர்களுக்கு,

சிட்டாள் எழுதுவது. பெயர் உங்களுக்கு நினைவு வராது, நீங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் அடையாளம் சொல்கிறேன். டிசம்பரில் நீங்களும் உங்கள் கூட்டாளிகள் மூன்று பேரும் எங்கள் வீட்டை ஓட்டலாக மாற்றலாமா என்று ஆராய வந்தீர்கள் அல்லவா? அந்த நான்கு நாளும் உங்களுக்குக் காப்பி கொடுத்தவள் நான். ஹரீஷ் என்ற பையன் பறக்கவிட்ட டிரோன் ஓட்டில் விழுந்தபோது ஏணி வைத்து ஏறி எடுத்துத் தந்தவளும் நான்தான். பூட்டிக்கிடந்த இருபத்திரண்டு அறைகளையும் திறந்துவிட்டு, நீங்கள் அளந்து முடிக்கும்வரை டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் அறிக்கை நேற்றுக் கூரியரில் வந்தது. பங்காளிகளுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு பிரதிகள். பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். எனக்கென்று அதில் ஒன்றும் இல்லை. என் அண்ணன் ஏகப்பன் பெயர் போட்ட பிரதியைப் பிரித்துப் படித்தேன்.

பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ‘தற்போது இவ்வீட்டில் நிரந்தரமாக எவரும் வசிக்கவில்லை.’

இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து போய் அடுப்பை அணைத்தேன், பால் பொங்கிக்கொண்டிருந்தது. யாரும் வசிக்காத வீட்டில் பால் எப்படிப் பொங்கும் தம்பி?

பத்தொன்பதாம் பக்கத்தில் இரண்டாம் கட்டு முற்றத்தின் படம் இருக்கிறது. நீங்கள் படம் எடுத்த அன்று கொடியில் என் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் கொடி இருக்கிறது, சேலையைக் காணோம். அந்த முற்றத்தை ஒட்டிய இரண்டு அறைகளில்தான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அவற்றைத் தேனிலவுத் தம்பதிகளுக்கு விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாசியில் முன்னோருக்குப் படைப்பதற்காகப் பங்காளிகள் எல்லாரும் இங்கே கூடுவார்கள். இந்த வருடம் அது மார்ச் ஒன்பதாம் தேதி. அன்றைக்கு உங்கள் அறிக்கையை வைத்துத்தான் வீட்டைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

போன் செய்யாதீர்கள். கோபம் வந்தால் பாதியில் வைத்துவிடுவேன். நேரிலும் வர வேண்டாம். வந்தால் காப்பி கொடுத்தாக வேண்டும், கோபத்தோடு காப்பி கொடுக்க எனக்கு வராது.

சிட்டாள்


மாணவர் விடுதி, காரைக்குடி
25 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு எங்கள் குழுவின் சார்பில் வருந்துகிறேன்.

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு குழுவும் யாராவது ஒருவருக்கு உண்மையான ஆலோசனை அறிக்கை தயாரித்துத் தர வேண்டும். எங்களை அழைத்தவர் தங்கள் பெரியப்பா மகன் உடையப்பன் சார். வீட்டு உரிமையாளர் பட்டியலைக் கொடுத்ததும் அவர்தான். பட்டியலில் இருந்த அத்தனை பேரிடமும் படிவம் நிரப்பி வாங்கினோம், சிங்கப்பூரில் இருப்பவரிடம்கூட. நூறு சதவீதப் பதில். வகுப்பில் வேறு எந்தக் குழுவும் அறுபதைத் தாண்டவில்லை. தாங்கள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவரை நாங்கள் எப்படிக் கேட்க முடியும்?

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து படித்தால் மேலே எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.)

நடந்ததைச் சொல்கிறேன் அம்மா. உடையப்பன் சார் போனில், “அங்குட்டுச் சிட்டா இருக்கும். எல்லாத்தையும் தெறந்து காட்டும், நீங்க பாட்டுக்குப் பாருங்க” என்றார். நான் உங்களை வேலைக்கு இருப்பவர் என்று நினைத்துவிட்டேன். அப்படியே இருந்தாலும் வசிப்பவர் வசிப்பவர்தானே? அதை எழுதும்போது யோசிக்கவில்லை. படத்தில் சேலையை அழித்தது எங்கள் குழுவில் இருக்கும் சௌபர்ணிகா, அவள் போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து “இப்ப நல்லா இருக்கு” என்று சொன்னது நான்.

ஒரு சந்தேகமும் உண்டு. பட்டியலின் அடியில் ‘மொத்தம் 11½’ என்று இருந்தது. ஆட்களில் எப்படி அரை வரும், தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று பன்னிரண்டாகத் திருத்திவிட்டேன். அது பிழையா, சரியா?

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பங்காளிகள் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் சென்னையில் தன் நிறுவனத்தில் எனக்கு வேலை தருவதாக உடையப்பன் சார் சொல்லியிருக்கிறார். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா இதை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவர் விவசாயி. எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் நான்.

தங்கள் உண்மையுள்ள,
த. சேவுகப்பெருமாள்


கானாடுகாத்தான்
30 ஜனவரி 2025

தம்பி சேவுகப்பெருமாள்,

‘அம்மா’ வேண்டாம். நாற்பத்தாறு வயதில் திடீரென்று இவ்வளவு பெரிய பிள்ளை எனக்கு எதற்கு? ஊரில் எல்லாரும் ஆச்சி என்பார்கள், அதுவே போதும். ‘தாங்கள்’ என்பதையும் விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் இருக்கிறது.

அரையை முழுதாக்கியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உங்கள்மேல் கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தது எரிச்சலாகவும் இருந்தது. அது பிழை இல்லை. எங்கள் ஆட்களில் கல்யாணமானதும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கட்டுவதிலிருந்து பங்காளிகள் கூடிப் பேசுவதுவரை புள்ளிக் கணக்குத்தான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப் புள்ளி. உங்கள் பட்டியலில் அந்த அரை, என் சித்தப்பா மனைவி மீனாள் ஆச்சி. சித்தப்பா போன நாளிலிருந்து அவர்கள் அரைதான். தெரியாமல் அவர்களை முழுதாக்கிய முதல் ஆள் நீங்கள்.

கல்யாணம் ஆகாதவர்களுக்குப் புள்ளியே கிடையாது. நான் பூஜ்யம்கூட இல்லை, பூஜ்யத்தையாவது ஒரு மூலையில் எழுதுவார்கள்.

சட்டம் வேறு சொல்லும் என்று எனக்குத் தெரியும். நான் பி.காம். படித்தவள். வழக்குப் போட்டு அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுக்க எனக்கு மனமில்லை. என்னைப் பெற்ற அப்பச்சி இறந்து, அண்ணன் கோயம்புத்தூருக்குப் போனபோது, “நீ ஆத்தாளுக்குத் தொணையா இங்கன இரு” என்றார்கள். இருந்தேன். ஆத்தாள் இறந்தபிறகு, “யாராச்சும் சாவிய வச்சிருக்கணும்ல” என்றார்கள். வைத்திருக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று சாவிகள்.

உங்கள் வேலையைக் கெடுக்க நான் எழுதவில்லை. ஆனால் நான் இருக்கும் வீட்டில் நான் இல்லை என்று அச்சடித்துப் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்க என்னால் முடியாது. பார்சல் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. திருத்தித் தாருங்கள்.

சிட்டாள்


காரைக்குடி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆச்சி,

திருத்திவிட்டேன். இந்த உறையிலேயே ஒரு பிரதி இருக்கிறது. பங்காளிகள் அனைவருக்கும் நேற்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன், நீங்கள் பார்சலை வைத்துக்கொண்டு சங்கடப்பட வேண்டாம்.

வழிகாட்டி சத்தியப்பிரியா மேடத்திடம் உங்கள் முதல் கடிதத்தைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறிக்கையின் கடைசியில் ‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்து, “இது யாரு எழுதுனது?” என்றார். போன வருட சீனியர் எழுதியது. அவருக்கு அதற்கு முந்தைய சீனியர் கொடுத்தது. ‘காலம் போதவில்லை, பதிலளித்தோர் சிலர் தயங்கினர்’ என்று எல்லா அறிக்கையிலும் ஒரே நான்கு வரிதான் இருக்கும். எங்களுக்குப் பதிலளித்த யாரும் தயங்கவே இல்லை. மேடம் அறிக்கையை மூடி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தப் பக்கத்தை இப்போது நானே எழுதியிருக்கிறேன். முடிவுரையையும் மாற்றினேன். இந்த வீட்டையே நம்பி வாழும் பெண்மணி ஒருவர் இருப்பதால், அவரது வசிப்பிடத்தைப் பறிக்கும் இத்திட்டத்தைக் காலவரையின்றி ஒத்திவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டேன். ஹரீஷுக்கு வருத்தம்தான், மூன்று மாத உழைப்பு. வேலையும் போகலாம். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே ஆச்சி.

இனி உங்களை யாரும் அந்த அறைகளிலிருந்து கிளப்ப முடியாது.

அன்புடன்,
சேவுகப்பெருமாள்


கானாடுகாத்தான்
12 பிப்ரவரி 2025

சேவுகப்பெருமாள்,

ஓட்டல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? என் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துப் படியுங்கள். அந்த வரியைக் காட்டுங்கள்.

நேற்று உடையப்பண்ணன் போன் செய்து, “ஒனக்கு என்ன கொறை வச்சோம் சிட்டா? எல்லாரும் சேந்து ஒரு காரியம் செய்யப் போறோம், நீ குறுக்க வந்து நிக்கிறியே” என்றார். அண்ணன் ஏகப்பன் பேசவே இல்லை, அவர் மனைவி, என் அண்ணமிண்டிதான் பேசினார்கள். பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் நான் ஒரு காரியத்துக்கும் குறுக்கே நின்றதில்லை. இப்போது நிற்பதாகப் பன்னிரண்டு வீட்டிலும் பேசுகிறார்கள்.

முதல் தடவை என்னைக் கேட்காமல் நான் இல்லை என்று எழுதினீர்கள். இரண்டாம் தடவையும் கேட்கவில்லை, எனக்கு என்ன வேண்டும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் தடவையாவது நான் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கவில்லை.

‘இந்த வீட்டையே நம்பி வாழும்’ என்கிறீர்களே, வீடு அல்லவா தம்பி என்னை நம்பி நிற்கிறது?

சிட்டாள்


காரைக்குடி
15 பிப்ரவரி 2025

ஆச்சி,

தேடினேன். அந்த வரி இல்லை.

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன். விடுதியில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்து மேடத்திடம் எடுத்துப்போனேன். முதல் கேள்வி, ‘நீங்கள் தொடர்ந்து இவ்வீட்டில் வசிக்க விரும்புகிறீர்களா?’ என்பது. மேடம், “பதிலையும் நீயே எழுதிட்டுக் கேள்விக்குறிய மட்டும் அவங்க தலையில வைக்கிற” என்றார். ஐந்து முறை மாற்றினேன். ஐந்தையும் அடித்தார். “ஒனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு எழுது” என்றார். இந்தமுறை அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அதனால் ஒரு வெற்றுத்தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். கேள்வி ஒன்றுதான்.

உங்களுக்கு என்ன வேண்டும்?

பதில் சொல்ல விருப்பமில்லை என்றாலும் அதை அப்படியே எழுதுகிறேன். உங்களிடம் காட்டாமல் உங்களைப் பற்றி இனி ஒரு வரியும் வெளியே போகாது.

சேவுகப்பெருமாள்


கானாடுகாத்தான்
24 பிப்ரவரி 2025

தம்பி சேவுகப்பெருமாள்,

ஒன்பது நாளாகிவிட்டது. உங்கள் தாள் பூஜை அலமாரியில் கிடந்தது. விளக்கேற்றும்போதெல்லாம் பார்ப்பேன். உங்கள்மேல் இருந்த கோபம் மூன்றாம் நாளே தீர்ந்தது. பிறகு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு, எனக்குப் பதில் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை. ‘எப்படி இருக்கே’ என்பார்கள், ‘ஓடு ஒழுகுதா’ என்பார்கள். நானும் என்னை ஓட்டைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ‘என் இரண்டு அறைகளும் எனக்கே வேண்டும்’ என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தால் பொய்யாகப் பட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது என் சொந்தத் தாள்.

எனக்கு வேண்டியது இதுதான். வீடு ஓட்டலாகட்டும். பூட்டிக்கிடந்தால் இன்னும் பத்து மழைக்குத் தாங்காது, அது எனக்குத்தான் தெரியும். எந்த உத்தரம் உளுத்திருக்கிறது, எந்தக் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், ஆத்தங்குடித் தரைக் கல்லை எப்படித் துடைத்தால் மங்காது, எந்தக் கொத்தனார் சொன்ன நாளில் வருவார் என்று இந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த ஓட்டலின் மேலாளராக இருக்க வேண்டும். வீட்டுப் பெண் என்று பெயருக்கு உட்காரவைப்பது வேண்டாம். வேலை நியமன உத்தரவு, மாதச் சம்பளம், வாரம் ஒருநாள் லீவு.

நான் அங்கே தங்க மாட்டேன். காரைக்குடியில் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும். கேஸ் இணைப்பும் கரண்டு ரசீதும் என் பெயரில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவிக்கொத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போக வேண்டும். எல்லாரையும் போல வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும் தம்பி. அந்தத் தேனிலவுக்காரர்களுக்கு என் அறைகளைத் தாராளமாகக் கொடுங்கள். காற்று நன்றாக வரும்.

கேலிக்கூத்தாகத் தெரிந்தால் கிழித்துவிடுங்கள். தெரியாவிட்டால் என் பெயரோடு போடுங்கள். ‘பெண்மணி ஒருவர்’ வேண்டாம்.

சிட்டாள்


காரைக்குடி
3 மார்ச் 2025

அன்புள்ள ஆச்சி,

மூன்றாம் பதிப்பு இத்துடன். அச்சுக்குப் போகுமுன் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சொல் பிடிக்கவில்லை என்றாலும் அடித்து அனுப்புங்கள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதியதை எழுதியபடியே போட்டிருக்கிறேன், இலக்கணத்தில்கூடக் கை வைக்கவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் பழைய படம் திரும்ப வந்துவிட்டது. சேலை காய்கிறது. சௌபர்ணிகா உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

இந்தமுறை பதின்மூன்று பிரதிகள் அச்சடிக்கிறோம்.

நீங்கள் எழுதியதை மட்டும் உடையப்பன் சாரிடம் முதலில் நானே போனில் வாசித்துவிட்டேன். கடைசிவரை கேட்டார். “தம்பி, நீங்க ஆலோசனை சொல்ல வந்தீகளா, பங்கு பிரிக்க வந்தீகளா? மூணு தடவ மாத்தி எழுதுறவரு எங்க ஆபீசுக்குச் சரிப்பட மாட்டாக” என்றார். மூன்று தடவை மாற்றியது உண்மைதான்.

அப்பாவிடம் சொன்னேன். “அந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு வேலை கெடச்சிருமா?” என்றார். தெரியாது என்றேன். “அதையாவது கெடைக்கிற மாதிரி எழுது” என்று வைத்துவிட்டார். ஊரில் அவர் என்ன சொல்லிச் சமாளிக்கிறாரோ, எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் தேதி நாங்கள் வரக்கூடாது, குடும்பத்தார் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் பேச வேண்டும் ஆச்சி.

சேவுகப்பெருமாள்


கானாடுகாத்தான்
11 மார்ச் 2025

தம்பி சேவுகப்பெருமாள்,

படைப்பு முடிந்து எல்லாரும் நேற்றுத்தான் ஊருக்குப் போனார்கள். இன்னும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து முடியவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து பட்டாலைக் கூடத்தில் கூடினார்கள். வழக்கமாக அப்போது நான் அடுப்படியில் இருப்பேன். அன்று பதின்மூன்றாவது பிரதியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உடையப்பண்ணன் அறிக்கையைத் தட்டிக்காட்டி, “வீட்டுப் பொண்ணு வீட்டுலயே சம்பளம் வாங்குறதா? ஊர்ல கேட்டா என்ன நெனப்பாக?” என்றார். பேச வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. “சம்பளம் இல்லாம பத்தொம்பது வருசம் பாத்தாச்சுண்ணே. அதையும் ஊரு பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்றேன்.

ஏகப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது மீனாள் ஆச்சி, உங்கள் அரைப் புள்ளி, நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்கள்: “என்னைய அரைன்னு வச்சிருக்கீக. இவள ஒண்ணுமில்லாம வச்சிருக்கீக. அந்தப் படிக்கிற பய எங்க ரெண்டு பேத்தையும் முழுசா எழுதியிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையாடா உடையப்பா?” எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உடையப்பண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு மறுபடி முறைப்பாகப் பேச அவருக்கு வரவில்லை.

உங்களிடம் அறிக்கை கேட்டது பதினொன்றரைப் புள்ளி. ஓட்டலுக்கும் என் வேலைக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். நியமன உத்தரவு ஆங்கிலத்தில் வரும் என்றார்கள். தமிழிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

உங்கள் வேலை போனதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. உடையப்பண்ணனிடம் அதையும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு விஷயம் அவரால் முடியாது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது.

சிட்டாள்


மதுரை
9 ஜூன் 2025

அன்புள்ள ஆச்சி,

உங்கள் செய்தியை அப்பாவிடம் அன்றே சொன்னேன். இப்போது ஊரில் என் வேலையை விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்கும் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிக்க வேண்டும். வெயில்தான் ஜாஸ்தி. நேர்முகத்தில், “படிக்கும்போது செய்ததில் எது நல்ல அறிக்கை?” என்று கேட்டார்கள். மூன்று பதிப்புகளையும் வரிசையாக மேசையில் வைத்தேன். முதல் இரண்டை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டார்கள். அதைச் சொல்லவே முக்கால் மணிநேரம் ஆனது.

நேற்றுச் செல்லூரில் ஒரு வீடு. பட்டியலில் நான்கு பேர். நிரப்பி முடித்துக் கிளம்பும்போது, தண்ணீர் கொடுத்த அக்காவிடம் பெயரைக் கேட்டேன். “என் பேரு எதுக்கு?” என்றார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஓட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

சேவுகப்பெருமாள்


14/2, மாடி வீடு,
காரைக்குடி
15 ஜூன் 2025

தம்பி சேவுகப்பெருமாள்,

மேலே உள்ள முகவரியைப் பார்த்தீர்களா? நான்கு தடவை எழுதிப் பழகினேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, துணி காயப்போட மொட்டைமாடி. கேஸ் சிலிண்டர் வெள்ளிக்கிழமை வந்தது. ரசீதில் என் பெயர் தப்பாக இருந்தது. திருத்தி வாங்கிய பிறகுதான் அந்த ஆளை விட்டேன்.

ஓட்டல் திறக்குமுன் மராமத்து நடக்கிறது, ஆனால் என் வேலை தொடங்கிவிட்டது. ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். முதல் வாரம் பஸ்ஸில் பாதி வழியில் அடுப்படிக் கதவைப் பூட்டினோமா என்று திக்கென்றது. பிறகு அது ராத்திரி ஷிப்ட் பார்க்கும் சத்திவேலுவின் கவலை என்று நினைவு வந்தது. உட்கார்ந்தபடியே வீடுவரை வந்தேன்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டீர்கள். சந்தோஷமாக இருக்கிறேன். சாயங்காலங்களில் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் வர வேண்டாம் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஹரீஷையும் அந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிரோன் வேண்டாம், இங்கே ஏணி இல்லை. காப்பி போட்டு வைக்கிறேன்.

சிட்டாள்